முதலில் முதுகு, பிறகு முகம்

ஜனவரி 7, 2025. செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் லோகேஸ் போனில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். லோகேஸ்வரி, தொழிற்சாலையில் என் பக்கத்து மேசை. இருவருக்கும் ஒரே வேலை. ரப்பர் கையுறைக்குள் காற்றை அடைத்து, எங்கே ஓட்டை, எங்கே கறை என்று பார்த்து, சரியில்லாததைத் தூக்கி நீலக் கூடையில் போடவேண்டும். இந்தச் செண்டாயான் தொழிற்சாலையில் சேர்ந்த நாள் முதலாக எனக்கு இதுதான் பிழைப்பு. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

எட்டிப் பார்த்தேன். ஒரு சமையலறை. ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவ்வளவுதான். யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை, பின்னால் டமடம என்று மேளம் இல்லை. ஜப்பான் பேய்ப் படமாம். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே நின்றுகொண்டிருந்தேன். மணி அடித்தது. போனை மூடிவிட்டாள்.

அந்தப் பொம்பளையின் முகம் எப்படி இருக்கும்?

ஜனவரி 10. வெள்ளி

இன்றும் அதே நினைப்பு. மேசையில் ஊதி நிற்கிற கையுறைகளைப் பார்த்தால் அவள் விரல்கள் மாதிரி இருக்கிறது. லோகேஸிடம் வாய்விட்டே கேட்டேன், கடைசியில் படம் எடுத்தவன் முகத்தைக் காட்டுவானா மாட்டானா என்று. "சொன்னா என்னக்கா இருக்கு? ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வாங்க லா, பெரிய டிவியில பாக்கலாம்" என்றாள்.

இந்த வயதில் பேய்ப் படம் பார்க்க பஸ் ஏறிப் போகிறவளை ஊரில் என்ன சொல்வார்கள்? சொல்லட்டும்.

ஜனவரி 12. ஞாயிறு

பூசை முடிந்ததும் தெமியாங்கில் லோகேஸ் வீட்டுக்குப் போனேன். டொனால்டிடம் ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போவதாகச் சொன்னேன். கட்டிய புருஷனிடம் பேய்ப் படத்துக்காகப் பொய், அதுவும் நற்கருணை வாங்கிய வாயால்.

பட்டப்பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் பார்த்தோம். கதை பெரிசில்லை. ஏரியில் விழுந்து செத்த அக்கா வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். வந்து அடுப்படியில் நிற்கிறாள். தங்கச்சி பயந்து ஓடுவாள் என்று பார்த்தால், அவள் ஒரு துண்டை எடுத்து அக்காவின் காலடியில் தேங்குகிற தண்ணீரைத் துடைக்கிறாள். மறுநாளும் வருகிறாள், மறுநாளும் துடைக்கிறாள். முகத்தை மட்டும் காட்டவே மாட்டேன் என்கிறான். முதுகு, கழுத்து, காதோரம், மறுபடியும் முதுகு. 

கடைசியில் அவள் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தாள். நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன்.

இதற்குத்தானா போனேன்?

ஜனவரி 13. திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் எனக்கே பிடிபடும்.

கீத் என் தம்பி. அம்மா போனபிறகு நான் வளர்த்தவன். போன ஆகஸ்டில் ரந்தாவ் சாலை வளைவில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரியில் மோட்டார் சைக்கிளோடு மாட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குள் அடையாளம் காட்டப் போனது டொனால்ட். வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாக்காத பமீ" என்றார்.  பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள், மூடித்தான் புதைத்தோம். வலது பக்கம் சாய்ந்து கிடந்த அவன் மோட்டாரை மட்டும்தான் நான் பார்த்தேன்.

எங்கள் எஸ்டேட் சேப்பலில் ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். கீத்துதான் இயேசு. அவன் முகத்தில் காயம் வரைகிறவள் நான். வருஷாவருஷம் அந்த நெற்றியில், அந்தக் கன்னத்தில் பொய் ரத்தம் பூசின எனக்கு, நிஜக் காயத்தைப் பார்க்க அனுமதி இல்லை.

அன்று முதல் என் மனசுக்குள் அவனுக்கு முகமே இல்லை. பழைய போட்டோவில் இருக்கிறான், ஆனால் பெட்டிக்குள் படுத்திருக்கிறவனுக்கு முகம் இல்லை. நானே ஒன்று வைத்துப் பார்க்கிறேன், அது நாளுக்கொரு விதமாக மாறுகிறது.

ஜனவரி 19. ஞாயிறு

மறுபடியும் போனேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

பார்த்துவிட்டேன்.

முகம் ஊதியிருக்கிறது. ஒரு கண் மூடிப்போய், இமைமேல் சின்னச் சின்ன வெள்ளைக் காளான், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு. கன்னத்தில் பாசி. நம் நாடகங்களில் பேய்க்கு அடிக்கிற பச்சை இல்லை, எங்கள் குளியலறைக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற சுவரில் இருக்கிற பச்சை. உதட்டோரம் ஒரு நத்தை ஓடு ஒட்டியிருக்கிறது, தோடு மாதிரி. தங்கச்சி வெந்நீரில் துணியை நனைத்து அந்த முகத்தைத் துடைக்கிறாள். காளான் உடைந்துவிடக் கூடாதென்று அதைச் சுற்றிச் சுற்றித் துடைக்கிறாள். சிரிக்கிறாள். நீ வந்துட்ட, வந்துட்ட என்கிற மாதிரி அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

அழகாக இருந்தது. கோரம்தான். ஆனாலும் அழகாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி?

பஸ்ஸில் வரும்போது எனக்குப் பயமே இல்லை. பல மாதத்துக்குப் பிறகு பசித்தது. இறங்கி வடை வாங்கித் தின்றேன்.

பிப்ரவரி 2. ஞாயிறு

லோகேஸ் இன்னும் இரண்டு படம் போட்டாள். ஒன்று குப்பை. மற்றதில் ஒரு வீடு பூராவும் முடி முளைக்கிறது, சுவரில், குழாயில், அரிசிப் பானையில். முடி என்று சொன்னாலே அருவருப்பு. ஆனால் வெயில் பட்டு அது மினுங்குவதைக் காட்டுகிறான், ஏதோ பட்டுப் புடவையைக் காட்டுகிற மாதிரி. ஏன் அப்படி?

லோகேஸுக்கு இதெல்லாம் அத்துப்படி. கேமராவைக் கவனிங்கக்கா என்கிறாள். கவனித்தேன். அது ஓடுவதில்லை. துக்க வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி ஒரே இடத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. நம் படத்துப் பேய் திடீரென்று குதிக்கும், நாம் பதறி முகத்தைத் திருப்புவோம். இவர்கள் திருப்ப விடுவதில்லை. உனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள், பார், என்று காத்திருக்கிறார்கள். பிறகு ரத்தம். சிவப்பாகவே இல்லை. காய்ந்த வெற்றிலைச் சாறு நிறம், அதுவும் ஒரே ஒரு இடத்தில்.

எஸ்டேட்டுக்குள் நடந்து வரும்போது பழைய ரப்பர் பால்மரக் கட்டை ஒன்று மழையில் ஊறிக் கிடந்தது. அதில் காதுகாதாகக் காளான். தினமும் கடந்து போகிற கட்டை. இன்றுதான் குனிந்து பார்த்தேன். எதிரே வந்துகொண்டிருந்த ஒரு வங்காளதேசித் தொழிலாளி, என்ன விழுந்துவிட்டது என்று மலாயில் கேட்டுத் தானும் தேட ஆரம்பித்துவிட்டார்.

பிப்ரவரி 11. தைப்பூசம்

லோகேஸின் அண்ணன் முகுந்தன் காவடி. கூட்டத்தில் நின்று பார்த்தேன். ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வேல் வெளியே வந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், இன்றுதான் அந்தக் கன்னத்துத் தோல் எப்படி வேலைச் சுற்றிக் குழிந்திருக்கிறது என்று பார்த்தேன். கண் எங்கேயோ இருக்கிறது. முகத்தில் ஒரு அமைதி. அவன் அம்மா அருகில் நடந்துகொண்டு அவன் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே வருகிறார். திரும்பி நிற்கவில்லை, கண்ணை மூடவில்லை.

நாமும் பார்க்கத் தெரிந்தவர்கள்தானே. பிறகு ஏன் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு மட்டும்?

பிப்ரவரி 16. ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

ஃபாதர் எத்தனை மணிக்கு வருகிறார் என்று பார்க்க டொனால்ட் என் போனை எடுத்தார். லோகேஸ் அனுப்பிய படம், அந்தக் காளான் முகம், நேரே அவர் கண்ணில் பட்டது. போனை மேசைமேல் குப்புற வைத்தார். வீட்டில் செபமாலையை மாட்டி வைத்துக்கொண்டு இந்தக் கண்றாவியை எதற்குப் பார்க்கிறாய் என்று கேட்டார். ரவிக்கை அளவு விஷயமும் அப்போதே வெளியே வந்துவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் நிற்காது.

"கண்றாவியத்தான் பாக்கணும்னு இருக்கு. நீங்க பாத்தீங்கல்ல? நான் பாக்கல."

எதைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது.  மோட்டாரை எடுத்துக்கொண்டு மில் பக்கம் போனவர் பொழுது சாய்ந்துதான் வந்தார். எஸ்டேட்டில் மண்டோர், அதாவது கங்காணி, ஐம்பது பேரை அதட்டுகிற மனுஷன், தானே சோறு போட்டுச் சாப்பிட்டுப் படுத்தார்.

கேட்டேனா? இல்லையே. நேரே கேட்கவே இல்லையே நான். கீத்துக்கு முகம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்கு இத்தன மாசமா எனக்குத் தைரியம் இல்ல. அவருக்கும் சொல்லத் தைரியம் இல்ல.

மார்ச் 5. சாம்பல் புதன்

பெர்னதெத் டீச்சர் சேப்பலுக்குப் பின்னால் எல்லாரையும் உட்கார வைத்தார். தமிழ்ப்பள்ளியில் ஓய்வு பெற்றவர், நாடகம் அவர் கையில்தான். நாடகம் உண்டு, இந்த வருஷம் இயேசுவாக நடிப்பது புனிதன் என்கிற பையன் என்று அறிவித்தார். புனிதன் என் தொழிற்சாலைக்கு அடுத்த கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். நல்ல பையன், கூச்சம் அதிகம். டொனால்ட் வழக்கம்போல் இயேசுவைக் கட்டிய கயிற்றைப் பிடிக்கிற ரோமைச் சிப்பாய்.

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மேக்கப் உன்னால் முடியுமா, இல்லை வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முடியும் என்றேன். யோசிக்கவே இல்லை.

எங்கள் பழைய ரத்தம் ரோஸ் சிரப்பும் சோளமாவும். ஒரு வருஷம் அதில் மைலோ சாக்லேட் தூள் கலந்து நல்ல நிறம் கொண்டுவந்தேன். சிலுவையில் கீத்தைக் கட்டி நிறுத்திய இடம் செம்பனைக்குக் கீழே. கட்டெறும்பு வாசனை பிடித்து வரிசையாக ஏறிவிட்டது. "தந்தையே, இவர்களை மன்னியும்" என்ற இடத்தில் அவன் நெளிந்த நெளிப்பைப் பார்த்து ஜனமெல்லாம் கண்ணீர் விட்டது. இறங்கி வந்து, "அக்கா, அடுத்த வருஷம் உப்பு ரத்தம் போடு" என்றான்.

சிரிக்கிறேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. பாவி.

மார்ச் 16. ஞாயிறு

முதல் ஒத்திகை. இந்த முறை கிளிசரின், சாயம், கொஞ்சம் தலைவலித் தைலம், எறும்பு கிட்ட வராது. தோலுக்கு, நீலக் கூடையில் கிடந்த கையுறைகள். சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் எடுத்தேன். அதைச் சின்னதாகக் கிழித்து, லோகேஸ் கொடுத்த கண்ணிமைப் பசையால் ஒட்டி, மேலே நிறம் கொடுத்தால் உரிந்த தோல் அப்படியே இருக்கிறது. புனிதனுக்குக் கழுத்தில் கை வைத்தாலே கூசுகிறது, சிரித்துச் சிரித்து இரண்டு முறை பிய்த்துவிட்டான்.

நெற்றி, கன்னம், தாடை, உதடு, காது. கை நிற்கவே இல்லை. இன்னும் இன்னும் என்று போய்க்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது புனிதனைக் காணவில்லை, வெறும் காயம் உட்கார்ந்திருந்தது. டீச்சர் வந்து பார்த்தார், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "பமீலா, பிள்ளைங்க வர்ற இடம்மா இது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சுட்டது. கழுவச் சொன்னார்.

மார்ச் 17. திங்கள்

நான் புனிதனுக்கு மேக்கப் போடவில்லை. பெட்டிக்குள் இருப்பவனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 23. ஞாயிறு

லோகேஸிடம் ஒத்திகைப் போட்டோவைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள். "இது எல்லாத்தையும் ஒரே நேரத்துல கத்துதுக்கா. யாரும் பாக்க மாட்டாங்க, திரும்பிக்குவாங்க" என்றாள்.

திரும்பிக்கொள்ளாமல் பார்க்கவைக்க வேண்டும். அதுதானே அந்தப் படக்காரர்கள் வித்தை. ஒரு இடம் போதும். மற்றதெல்லாம் காத்திருப்பு.

யோசித்து வைத்திருக்கிறேன். புனிதன் செம்பனைக்குள்ளிருந்து வந்து, ஜனங்களுக்கு முதுகைக் காட்டியபடி முன்னே நடக்கட்டும். சிலுவை, முதுகு, நனைந்த முடி. சிலுவைப் பாதையில் நின்று நின்று போகிற பதினான்கு தலத்தில் முதல் ஐந்தும் ஜனங்களுக்கு முதுகுதான். ஆறாம் தலத்தில் வெரோணிக்கா என்கிற பெண் இயேசுவின் முகத்தைத் துடைக்க வருகிறாளே, அங்கேதான் முதல்முதலாகத் திரும்பவேண்டும். ஒரே ஒரு காயம், மூடி ஊதிய வலது கண். ரத்தம் வெற்றிலைச் சாறு நிறத்தில், ஒரு கோடு.

டீச்சரிடம் இதை ஜப்பானிலிருந்து எடுத்தேன் என்று சொன்னால் நாடகத்தையே நிறுத்திவிடுவார். சிலுவைப் பாதையை நன்றாகத் தியானித்தேன் டீச்சர் என்று சொல்லவேண்டியதுதான். அதுவும் பொய்யில்லை.

ஏப்ரல் 6. ஞாயிறு

டீச்சர் சம்மதித்தார். "முதுகக் காட்டிக்கிட்டே வந்தா வசனம் யாருக்குக் கேக்கும்?" என்று முணுமுணுத்தவர், ஒருமுறை நடத்திப் பார்த்தபிறகு மறுபடியும் முதலிலிருந்து நடக்கச் சொன்னார். ஆனால் புதுச் சிக்கல். வெரோணிக்காவாக நடிக்கிற பெண், டீச்சரின் அண்ணன் மகள், புனிதன் திரும்பியதும் துண்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய்விட்டாள். கிட்டத்தில் பார்க்கமுடியாதாம். கெஞ்சியும் வரவில்லை.

"உன் கைவேலைதானே, நீயே தொடச்சிடு" என்றார் டீச்சர்.

நானா? மேடை ஏறினதே இல்லை. சரி என்றேன்.

டொனால்ட் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பதால் ஒத்திகையில் புனிதன் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்றே திரும்பாமல் நடக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஏப்ரல் 13. குருத்து ஞாயிறு

டொனால்ட் வாசலில் உட்கார்ந்து சிப்பாய்த் தொப்பியைத் துலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இருவரும் தொப்பியைப் பற்றி மட்டும் பேசினோம்.

ஏப்ரல் 18. பெரிய வெள்ளி



வெயில் கடுமை. செண்டாயான், ரந்தாவ், எங்கெங்கோ குடிபோனவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். லோகேஸும் வந்து பின்வரிசையில் நின்றாள். செம்பனைக்குள்ளிருந்து முதுகு வந்தது. முதலில் சிலர் குசுகுசுத்தார்கள். பிறகு எல்லாச் சத்தமும் அடங்கிவிட்டது. சிலுவை தரையில் இழுபடுகிற சத்தம் மட்டும். ஐந்து தலமும் அந்த முதுகையே பார்த்தார்கள், எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

ஆறாம் தலம். துண்டோடு போனேன். புனிதன் திரும்பினான்.

யாரும் கத்தவில்லை. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள்கூட முகத்தைத் திருப்பவில்லை. நான் துடைக்க ஆரம்பித்தேன். கையுறைத் தோல் பெயர்ந்துவிடக் கூடாதென்று அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். துடைக்க ஒரு நொடி போதும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எனக்குக் கை எடுக்க மனசு வரவில்லை. புனிதன் கூசவில்லை, அசையவில்லை, அந்த ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வெரோணிக்கா அழவேண்டும் என்று எழுதியிருக்கவில்லை, நான் அழுதுவிட்டேன்.

"நட" என்று சிப்பாய் கயிற்றை இழுத்து அதட்டவேண்டிய இடம் அது. அதட்டல் வரவில்லை. நிமிர்ந்தேன். டொனால்ட் திரும்பி வந்து, பக்கத்தில் நின்று புனிதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு தளர்ந்து தரையில் கிடந்தது. டீச்சர் பாட்டை எடுத்துக் கொடுத்துச் சமாளித்தார்.

எல்லாம் முடிந்து சேப்பலுக்குப் பின்னால் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவர்தான் அதை மூடினார்.

"வலது கண்ணு இல்ல பமீ" என்றார். "எடது."

ஏப்ரல் 20. ஈஸ்டர்

இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரே மூச்சில் அவரால் சொல்ல முடியவில்லை. சோறு போடும்போது கொஞ்சம், துணி காயப்போடும்போது கொஞ்சம்.

இடது கண் மூடி, கறுத்து ஊதியிருந்ததாம். அந்தப் பக்கக் கன்ன எலும்பு உள்ளே போயிருந்ததாம். வலது பக்கம் ஒரு கீறல்கூட இல்லை, தூங்குகிறவன் மாதிரி. வாய் கொஞ்சம் திறந்து, அந்த முன்பல் தெரிந்தது, சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்து உடைத்துக்கொண்டானே, அந்தப் பல். முடியில் புல் ஒட்டியிருந்ததாம். அதை மட்டும் இவர் எடுத்துவிட்டு வந்தாராம். கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம்.

"ஒன்ன உள்ள விட்டிருந்தா நீ அவன் மூஞ்சியத் தொடச்சிருப்ப. எனக்குத் தோணல. நான் பயந்துட்டேன்" என்றார்.

கோபம் வந்தது. கொஞ்ச நேரம் இருந்தது, போய்விட்டது. இத்தனை மாதமும் அந்த முகத்தை இவர் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கீத்துக்கு முகம் வந்துவிட்டது. கண்ணை மூடினால் தெரிகிறது. நான் வைத்துப் பார்த்த எதுவும் இல்லை இது. கோரம்தான். நம் கீத்துதான். உடைந்த பல்லைப் பார்த்தால் அழகாகக்கூட இருக்கிறது.

ஏப்ரல் 27. ஞாயிறு

பூசை முடிந்து பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தேன். டொனால்டின் மோட்டார் பக்கத்தில் வந்து நின்றது. எங்கே, ரவிக்கைக்கு அளவா என்றார். ஆமாம் என்றேன். ஏறு என்றார்.

லோகேஸின் வீட்டில் ஒரே அமளி. அவள் அம்மா தோசை சுட, என் மண்டோர் நாற்காலியின் நுனியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அந்த ஏரிப் படத்தையே போடச் சொன்னேன். அடுப்படி, முதுகு, சொட்டுகிற தண்ணீர். டொனால்ட் தோசையைத் தொடவில்லை. இது யாரு, அது ஏன் அங்க நிக்கிது, அந்தப் புள்ள ஏன் ஓடல என்று விடாமல் கேட்டார். லோகேஸ் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதிக்குமேல் கேள்வி நின்றுவிட்டது.

படத்து அக்கா திரும்ப ஆரம்பித்தாள். டொனால்ட் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் மூடவில்லை. முகம் முழுசாகத் திரும்பட்டும், தங்கச்சி துணியை நனைத்து எடுக்கட்டும் என்று காத்திருந்தேன். துடைக்க ஆரம்பித்தாள். நான் அவர் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினேன்.

"இப்பப் பாருங்க" என்றேன்.

பார்த்தார்.